ஏணி வாங்காத வீட்டுக்காரர்கள்

உங்களில் ஒருவர்கூட இந்த ஒப்படைப்புப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். கட்டுமான நிறுவனத்தில் வேலை என்றால் கட்டுகிற இடத்துக்குப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. கட்டி, விற்று, எல்லாம் முடிந்த பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய் வாங்கியவர் கையில் கொடுப்பது ஒரு வேலையா என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என் அம்மாவும் கேட்டார். கருங்குழிப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போய் என்னை சிவில் டிப்ளமா படிக்க வைத்தவர். “சாவி குடுக்கறதுக்கா அம்மாம் படிப்பு படிச்ச?” என்றார். அவருக்குப் பதில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போது தெரிகிறது. ஆனால் கேட்க அவர் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், கேளுங்கள்.

கட்டடத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒப்படைப்புக்கு முன்னால் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பது உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது வீட்டுக்காரர். அவரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டிலோ குவார்ட்டர்ஸிலோ இருந்தவர் முதன்முதலாகச் சொந்த வீட்டுக்கு வரும்போது ஒரு விஷயம் அவர் மண்டையில் ஏறுவதே இல்லை. இனிமேல் ஹவுஸ் ஓனர் அவர்தான் என்பதுதான் அது. அரசாங்கத்தின் அணுபுரம் குவார்ட்டர்ஸில் பல வருடம் குடியிருந்துவிட்டு செங்கல்பட்டில் எங்களிடம் வீடு வாங்கிய ஒருவர், குடிவந்த வாரமே எனக்கு போன் செய்தார். குளியலறைக் குழாய் சொட்டுகிறதாம், கம்ப்ளெயின்ட் எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

“வாஷர் போயிருக்கும் சார். ஸ்பேனர் இருக்கா வீட்டுல?”

“அதெல்லாம் வர்றவங்க கொண்டாருவாங்க இல்ல?”

“யாரு சார் வர்றவங்க?”

“அப்ப நான்தானா?” என்றார். குரலே உடைந்துவிட்டது. நல்ல மனிதர், மரியாதையான மனிதர். ஆனால் வீட்டில் சோபா வந்துவிட்டது, பெரிய டிவி வந்துவிட்டது, வாசலில் கேமரா வந்துவிட்டது. ஒரு ஸ்க்ரூட்ரைவர் இல்லை.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போய்த்தான் வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற அந்தக் கருவிப் பெட்டியை நான் கேட்டு வாங்கினேன். அதுவரை சாவியோடு நிறுவனம் ஒரு பித்தளை விளக்கு கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே விளக்கு இருக்கிறது, அதற்குப் பதிலாக வேறு கொடுக்கலாம் என்று மேலே சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஒரு டார்ச், டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூட்ரைவர், கட்டிங் பிளேயர், திருகு வைத்த ஸ்பேனர், சுத்தியல், குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப், இன்சுலேஷன் டேப், தீக்காயத்துக்கு ஒரு களிம்பு, கொஞ்சம் பஞ்சும் கட்டுத்துணியும். அவ்வளவுதான். ஏணி பெட்டியில் அடங்காது. அதனால் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்வேன்: சோபா வாங்கும் முன்னால் ஏணி வாங்குங்கள். தலையாட்டுவார்கள். தலையாட்டுவதில் நம் ஜனங்களை யாரும் மிஞ்ச முடியாது.

விளம்பரப் பிரிவுக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பளபளக்கும் தாளில் சுற்றி, மேலே தங்க நிற ரிப்பன் கட்டினார்கள். அங்கேதான் கெட்டது.

சுகுமார், வனிதா என்று ஒரு தம்பதி. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு இருந்தவர்கள். அவர் தினமும் ரயிலேறி சென்னைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர், அந்தம்மா பள்ளிக்கூட டீச்சர். மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் நிறுவனம் போட்ட தனி வீடுகளில் ஒன்றை வாங்கினார்கள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, பெயர் நிலா.

சாவி கொடுத்த அன்று சுகுமார் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு நேரலையில் வீட்டைக் காட்டுகிறாராம். எனக்கு முன்னால் இந்தப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வீட்டுக்காரர் தன் கையால் தண்ணீர் வால்வை ஒருமுறை மூடித் திறந்து காட்டினால்தான் சாவி இவர் சட்டைப்பையிலிருந்து வெளியே வரும். மந்திரியே வீடு வாங்கினாலும் அப்படித்தான். நானும் அதை விடவில்லை.

“சார், மாடிக்கு வாங்க. வால்வு காட்டணும்.”

“நீங்க வனிதாகிட்ட காட்டிருங்க மேடம். அண்ணன் லைன்ல இருக்காரு.”

எரிச்சலாக இருந்தது. வனிதா என்னோடு மாடி ஏறினார். எந்தக் குழாய் எந்தக் குளியலறைக்கு என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் மூடினார், திறந்தார். “கொஞ்சம் டைட்டா இருக்கு மேடம்” என்றார். உப்புக்காற்று அப்படித்தான் செய்யும், மாதம் ஒருமுறை திருகிக்கொண்டே இருங்கள் என்றேன். கீழே வந்து ஏணி விஷயத்தைச் சுகுமாரிடம் சொன்னேன். “ஆன்லைன்ல கார்ட்ல போட்டு வெச்சிருக்கேன் மேடம், ஆஃபர் வரட்டும்” என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு வனிதா வீடு தேடி வந்து அழைத்தார். போனேன். ஹோமம் விடியற்காலையிலேயே முடிந்திருந்தது. நான் போனபோது வெயில் ஏறிவிட்டது. பின்பக்கம் ஷாமியானாவில் டிபன் பந்தி நடந்துகொண்டிருந்தது. முன்பக்கம் ஸ்பீக்கரில் நாகஸ்வரம் அலறிக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது இட்லியை எடுக்கும்போது உள்ளே யாரோ கத்தினார்கள்.

குழந்தை கீழ்த்தளத்துக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுவிட்டது. புதுத் தாழ்ப்பாள். எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் விழுந்திருக்கிறது. திரும்ப இழுக்கப் பிஞ்சுக் கைக்கு வலு இல்லை.

நான் கை கழுவாமலே ஓடினேன். கதவுக்கு முன்னால் ஒரு கூட்டம். ஆளுக்கொரு யோசனை. “கண்ணு, மேல தூக்கு” என்கிறார் ஒருவர். “இல்லம்மா, பக்கமா இழு” என்கிறார் இன்னொருவர். அந்தக் குழந்தை யார் சொல்வதைக் கேட்கும்? வனிதாவின் தம்பி பிரபு ஆள் ஆஜானுபாகு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

“மச்சான், எல்லாரையும் நவுரச் சொல்லு. ஒரே உதை. கதவு போனா போவுது.”

சுகுமார் தலையாட்டிவிட்டார். அவர்தான் தலையாட்டுவாரே.

அப்போது எனக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம். கதவின் கீழ்ப்பாதியில், என் முழங்கால் உயரத்தில், சின்ன உள்ளங்கை பட் பட்டென்று அடிக்கிற சத்தம். குழந்தை கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு.

நான் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

“நவுருங்க மேடம்!”

“நவுர மாட்டேன். கதவுக்குப் பின்னாடியே குழந்தை நிக்குது. நீ உதைச்சா கதவு யார் மேல போய் விழும்?”

“அதுக்குன்னு பாத்துகினே நிக்கச் சொல்றியா?”

“முதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க யாராவது!”

யாரோ ஓடிப் போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். வீடு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில்தான் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தமே எங்களுக்குக் கேட்டது. கூடவே குழந்தையின் அழுகை. “அம்மா… சுடுது… கால் சுடுது…”

பக்கத்துச் சுவரில் கீசர் ஸ்விட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ குளிக்கப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். குழந்தை கைக்கு எட்டிய குழாயைத் திறந்துவிட்டிருக்கிறது. கீசரை அணைத்தேன். அணைத்தால் மட்டும் போதுமா? கீசருக்குள் தொட்டி நிறைய வெந்நீர் இருக்கிறதே, மேலிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறதே. அது வாளியை நிரப்பித் தரையில் வழிந்துகொண்டிருக்கிறது.

உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சுடுகிறது என்று அழும்போது, உதைத்துத் தொலைக்கட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றியது. உதைப்பதுதான் சுலபம். எல்லோரும் கேட்பதும் அதைத்தான். நான் முதுகை எடுக்கவில்லை.

“சார், இந்த பாத்ரூம் வால்வை மூடுங்க. ஓடுங்க!”

சுகுமார் என்னையே பார்த்தார். “வால்வா? எந்த வால்வு மேடம்?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் வனிதா மாடிப்படியில் பாதி ஏறிவிட்டிருந்தார். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். வால்வு அசையவில்லையாம். முந்தானையைச் சுற்றிப் பிடித்து இரண்டு கையாலும் திருகியிருக்கிறார். உள்ளங்கைத் தோல் உரிந்து போனதை அவரே பிறகுதான் பார்த்தார். கீழே எங்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் மெலிந்து, சொட்டாகி, நின்றது.

ஆனால் தரையில் கொட்டியது கொட்டியதுதான். குழந்தை இன்னும் அதில்தான் நிற்கிறது. இனிமேல் உள்ளே பார்த்தாக வேண்டும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் உயரமாக ஒரு ஜன்னல் உண்டு. சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் வைத்தது, உள்ளே கம்பி.

“ஏணி எங்க?”

“கார்ட்ல…” என்றார் சுகுமார்.

“ஸ்க்ரூட்ரைவராவது குடு மச்சான், அந்தக் கண்ணாடிய எடுத்துரலாம்” என்றான் பிரபு.

“அது மேடம் குடுத்த பாக்ஸ்ல இருக்கு. பாக்ஸ் லாஃப்ட்ல இருக்கு.”

“லாஃப்ட்ல எப்படி வெச்ச?”

“பெயின்ட் அடிக்க வந்தவங்க ஏணி அப்ப இருந்துச்சி.”

இதை நான் இட்டுக்கட்டவில்லை. ஏணி இல்லாத வீட்டில், ஏணி போட்டால்தான் எட்டுகிற இடத்தில், ரிப்பனைக்கூட அவிழ்க்காமல் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்கலாமென்றால் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவர்களின் வீடுகள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நேரத்தில் சுகுமாரை அறைந்திருப்பேன்.

செல்வி என்று ஒரு பெண் அங்கே துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரி. எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவள் இலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

“இன்னாக்கா, ஏணி இல்லன்னா இன்னா? பந்தி மேசையத் தூக்கியாங்க.”

சமையல்காரர்களும் அவளுமாக மேசையை இழுத்து வந்து ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள். மேசை காலை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். செல்வி ஏறினாள். ஒரு தோசைக் கரண்டியைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் பிடித்திருந்த தகட்டை நெம்பி, பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே கொடுத்தாள். ஜன்னல் வழியாக ஆவி வெளியே வந்தது. நான் கதவை விட்டு நகராமல், பின்வாசல் வழியாக அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏ கண்ணு, இங்க பாரு. மேல, மேல பாரு. யாரு நானு?”

அழுகை கொஞ்சம் குறைந்தது.

“உன் பேரு இன்னா? நிலாவா? நிலா, அங்க வெள்ளையா ஒண்ணு கீது பாரு, மூடி போட்டது. ஆங், அதான். அது மேல ஏறிக் குந்து. கால மேல தூக்கிக்கினு குந்து. ஒருத்தரும் வைய மாட்டாங்க. ஏறு என் கண்ணு.”

வெஸ்டர்ன் டாய்லெட்டைத்தான் சொல்கிறாள். உள்ளே சளக் சளக்கென்று தண்ணீரில் கால் வைக்கிற சத்தம். பிறகு எதுவுமில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த வனிதா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“குந்திடுச்சிக்கா!” என்று செல்வி கத்தினாள். “கதவாண்ட யாரும் இல்ல. அந்தக் கோடில கீது கொய்ந்த!”

நான் கதவை விட்டு விலகினேன். “இப்ப உதை” என்றேன் பிரபுவிடம்.

அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த உதை. தாழ்ப்பாள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் அடித்து விழுந்தது. கதவு குழந்தை முன்பு நின்றிருந்த இடத்தை விசிறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. பிரபுவே அதைப் பார்த்தான். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். பிறகு அவன் ஷாமியானாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

குழந்தையின் பாதம் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. அதோடு விஷயம் முடிந்ததா? ஒரு அத்தை பற்பசையோடு ஓடி வந்தார். இன்னொருவர் இட்லி மாவோடு. தள்ளுங்கள் எல்லோரும் என்று கத்திவிட்டேன். சமையல்காரர்களின் கேன் தண்ணீரைக் குழந்தையின் காலில் ஊற்றச் சொன்னேன். ஒரு கேன் தீர, இன்னொரு கேன். போதும் போதும் என்று சுற்றி நின்றவர்கள் சொல்லச் சொல்ல ஊற்ற வைத்தேன். பிறகு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கொப்புளம் இல்லாமல் சிவந்ததோடு போயிற்று. உடனே தண்ணீர் ஊற்றியது நல்லதாயிற்று என்றாராம் டாக்டர்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நெருக்கடியில் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்யச் சொல்லிக் கத்தும்போது, அந்தக் காரியம் தப்பாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. பிரபு சொன்னது சரி. உதைக்கத்தான் வேண்டியிருந்தது. எப்போது என்பதில்தான் எல்லாமே இருந்தது. அதற்காகக் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் கெட்டவளாகக் கதவில் சாய்ந்து நிற்க வேண்டி வந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் உங்களை மெச்ச மாட்டார்கள். குழந்தையைப் பெற்றவரே முறைப்பார்.

ரிப்பன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் விளம்பரப் பிரிவில் போய்ச் சொன்னேன், பெட்டியைத் திறந்தபடி கொடுங்கள் என்று. அங்கிருந்த இளைஞர், “ராப் பண்ணலன்னா பிரீமியம் ஃபீல் வராது மேடம்” என்றார். அவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் நானே ரிப்பனை வெட்டி, தாளைக் கிழித்து, பெட்டியைத் திறந்து, சமையலறை மேடைக்குக் கீழே கை எட்டுகிற அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். பல பேருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

சில மாதம் கழித்து அதே தெருவில் இன்னொரு வீட்டை ஒப்படைக்கப் போனேன். மாமல்லபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கார்கள் நகரவே இல்லை. நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. வீட்டை வாங்கியவர்கள் எனக்கு முன்பே வந்து வாசலில் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வாசலில் யாரும் இல்லை. சாவி கொண்டு வந்திருந்த எங்கள் சூப்பர்வைசர் மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“மேடம், பக்கத்து வீட்டம்மா உள்ள வந்துட்டாங்க. நான் சொல்லியும் கேக்கல.”

மாடியிலிருந்து குரல் வந்தது. ஏறிப் போனேன். வனிதா நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு எதிரே புது வீட்டுக்காரர். நல்ல சட்டை போட்டவர், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். யாருக்கோ வீட்டைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“மொதல்ல அந்த போனை உள்ள வைங்க சார்,” என்றார் வனிதா. “கைய வைங்க இதுல. திருகுங்க. இன்னும் திருகுங்க. உங்க வூட்டம்மாவும் வந்து திருகட்டும்.”

அந்த மனிதர் யார் இந்தம்மா என்பது போல என்னைப் பார்த்தார். நான் தொட்டி நிழலில் கிடந்த காலிப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் குனிந்து வால்வைத் திருகத் தொடங்கினார்.